துரை வீட்டு உத்தரம்

3 மார்ச் 1957, ஞாயிறு

இவருக்கு ஆபீஸில் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து மேசைமேல் சும்மா கிடந்தது. "நீ வேணா வச்சுக்க, பாசார் கணக்கு எழுத ஆவும்" என்று இன்றைக்கு என் பக்கம் தள்ளிவிட்டார். பாசார் கணக்கு எழுதுவதாக இல்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தது கத்தரிக்காய் விலை எழுதவா?

எழுத விஷயமும் கிடைத்துவிட்டது. இவருடைய ஆபீஸ் துரை சீமைக்குத் திரும்புகிறார். ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிறது, அதற்குள் மூட்டை கட்ட வேண்டுமே. நேற்று மாலை குமாஸ்தாக்களையெல்லாம் பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தாராம். இத்தனை வருஷமும் வாசற்படியோடு நின்று பைலை நீட்டிவிட்டு வந்தவர்கள். நாட்டை விட்டுப் போகிற சமயத்தில்தான் இவர்களை வீட்டுக்குள் விடலாம் என்று துரைக்குத் தோன்றியிருக்கிறது.

திரும்பி வந்த மனுஷர் சோறு வேண்டாம் என்றார். நாற்காலியில் சாய்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அங்க ஹாலு எப்படி இருக்கு தெரியுமா பூங்காவனம்? மேல பாத்தா வரிசையா உத்தரம் தெரியுது. சொவரு பூரா பலகை. மெழுகு போட்டுத் தேச்சு வச்சிருக்கான், மொகம் பாக்கலாம்."

"நம்ம வீட்லயும் மேல பாத்தா உத்தரந்தான் தெரியுது. சொவரும் பலகைதான்" என்றேன்.

"ஒனக்கு ஒண்ணும் வெளங்காது" என்றார்.

10 மார்ச், ஞாயிறு

எனக்கு விளங்காததை இன்று காகிதத்தில் வரைந்து காட்டினார். தம்பிராஜா, ஆபீஸில் மூத்த குமாஸ்தா. இன்றுமுதல் வீட்டில் டிசைன் நிபுணர்.

இந்த வீடு என் மாமனார் கட்டியது. ரோடு போடுகிற கூலிகளை மேய்க்கிற மண்டோராக இருந்தவர், கிடைத்த மரத்தையெல்லாம் சேர்த்து மலாக்கா காஜா பேராங்கில் இதை எழுப்பினார். ஹாலுக்கு மேலே குறுக்காக நாலு உத்தரம். ஒன்றுகூட நேராக இல்லை. ஆனால் நாலு ஆள் சேர்ந்து தொங்கினாலும் அசையாது. கல்யாணமாகி நான் வந்த புதிதில் இவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே, "சீக்கிரம் கல்லு வீடா மாத்திடுவேன்" என்பதுதான். மரவீட்டில் இருப்பதில் அத்தனை வெட்கம்.

இப்போது துரை வீட்டில் மரத்தைப் பார்த்துவிட்டார். ஆகவே திட்டம் இப்படிப் போகிறது. நம் உத்தரம் கோணல், புகையேறிக் கறுத்துவிட்டது, அது கண்ணில் படக் கூடாது. அதற்குக் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு சிலிங். ஆனால் உத்தரம் தெரிய வேண்டுமே! அதனால் அந்தச் சிலிங்கில் புதிதாக நாலு உத்தரம். நம் பலகைச் சுவர்மேல் இன்னொரு பலகைச் சுவர். எல்லாம் துரை விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகையில் படமாக இருக்கிறது. அந்தப் படத்தில் குளிர்காய நெருப்பு மூட்டுகிற மாடமும் இருக்கிறது. மலாக்கா வெயிலில் அதன் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்று கேட்டேன். அது மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

"மெர்டேக்கா வந்து சுதந்திரம் கெடச்சப்புறம் பெரிய ஆளுங்கள்லாம் நம்ம வீடு தேடி வருவாங்க. உக்கார வைக்க எடம் வேணாமா?"

இதுவரை இந்த வீடு தேடி வந்த பெரிய ஆள் பால்காரர்தான்.

17 மார்ச், ஞாயிறு

எழுதவே பயமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி மிஸ்ஸி நிச்சயமாகச் சொல்லிவிட்டாள்.

கமலவேணி போய் ஐந்து வருஷம் ஆகிறது. தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. இவரும் சொல்வதில்லை, நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஹாலில் மூன்றாவது உத்தரத்தில் அவள் தொட்டில் தொங்கிய இரும்புக் கொக்கி இன்னும் இருக்கிறது. கூட்டும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். வரப்போகிற பிள்ளையையும் அதில்தான் போட வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "ம்" என்றார். அப்புறம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஹாலை அளக்கப் போய்விட்டார். பிள்ளை வருகிறது என்கிறேன், இவர் சுவரை அளக்கிறார்.

8 ஏப்ரல், திங்கள்

இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிற சாரதாம்பாள், புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ் ஏறி வந்து, இறங்கியதும் இறங்காததுமாக ஆரம்பித்தார்.

"பிள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல ஆணி அடிப்பாங்களாடா? பொறக்கிற புள்ள ஒடம்புல வடு வரும்டா."

"அக்கா, இது பகுத்தறிவு காலம்" என்றார் இவர்.

வேலையை ஆரம்பிக்க ராகுகாலம் கழியட்டும் என்று பகுத்தறிவு போன வாரம் பஞ்சாங்கம் பார்த்ததை நான் அண்ணியிடம் சொல்லவில்லை.

சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் சீதா அக்கா வந்து நின்றார். சீதா அக்கா மலாக்காச் செட்டி. பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். விஷயம் தெரிந்ததும் கெபாயாச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஜாங்ஙான் பாக்கு, பூங்கா, ஜாங்ஙான்" என்றார். ஆணி கூடவே கூடாதாம். அவர்கள் வீட்டிலும் அதுதான் வழக்கமாம்.

தச்சர் ஆ லெக்கிடம் மட்டும் மூச்சு விடக் கூடாதாம், இது இவர் உத்தரவு. சீனர்களுக்கு இதில் நம்மைவிடப் பயம் அதிகம், தெரிந்தால் சுத்தியலைத் தொட மாட்டாராம். தமிழர், செட்டி, சீனர் மூன்று பேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். சுதந்திரத்துக்கு நாம் தயாராகிவிட்டோம் போலிருக்கிறது.

முடிவு என்னவென்றால், ஆ லெக் இருக்கும்போது நான் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரக் கூடாது.

15 மே, புதன்

சிலிங் ஏறிவிட்டது. ஹாலில் நின்றால் இட்லிப் பானைக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. மத்தியானத்தில் அடுப்பங்கரைக்குப் போனால் குளுமை.

கொக்கி இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன ஓட்டை விடச் சொன்னேன். கெஞ்சித்தான் கேட்டேன். "டிசைன் கெட்டுப்போயிடும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். ஆ லெக் பலகையை வைத்து அடித்தார். உள்ளே ஒளிந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்ன மனுஷர் இவர்? ஒரு ஓட்டை. ஒரு சாண் ஓட்டை கேட்டேன். பெத்தவளுக்கு அதுகூட இல்லையா?

16 மே, வியாழன்

ஐந்து வருஷமாக இவர் ஹாலில்தான் படுக்கிறார், காற்று வருகிறது என்று. நேற்றோடு காற்று நின்றுவிட்டது. அந்தப் புழுக்கத்தில் விடியும்வரை குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்கு வந்த ஆத்திரம்!

9 ஜூன், ஞாயிறு

பலகைச் சுவருக்குப் பலகைச் சட்டை போட்டாகிவிட்டது. ஹால் நாலு பக்கமும் ஒரு சாண் சுருங்கிவிட்டது. இரண்டு சுவருக்கும் நடுவில் பல்லிகள் குடியேறியிருக்கின்றன. அவற்றுக்கு இந்த டிசைன் பிடித்திருக்கிறது.

உத்தரங்கள் வந்து இறங்கின. நான் கொல்லைப் பக்கமிருந்து பார்த்தேன். முழு மரம் என்று நினைத்திருந்தேன். மூன்று பக்கம் பிளைவுட், உள்ளே காற்று. மேலே கறுப்புச் சாயம். ஆ லெக் ஒன்றை ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சிகரெட் பிடித்தார்.

"பெட்டிங்களா?" என்று கேட்டேன்.

"பீம்" என்றார் இவர்.

27 ஜூன், வியாழன்

மூன்று பீம் ஏறிவிட்டன. நாலாவதற்கு ஆள் இல்லை.

இன்று ஆ லெக் போய்விட்டார் என்று நினைத்துக் கோப்பியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். ஏணிமேல் உட்கார்ந்திருந்தார். நினைத்துத்தான் வந்தேனா என்று இந்த டைரியிலும் எழுதமாட்டேன். ஏழு மாத வயிற்றைக் கோப்பித் தட்டால் மறைக்கவா முடியும்?

கொஞ்ச நேரம் பார்த்தார். "பெராப்பா புலான்?" என்றார். ஏழு மாதம் என்றேன். ஏணியை விட்டு இறங்கி, சுத்தியலையும் ஆணிகளையும் பைக்குள் போட்டுக்கொண்டு, இவருக்குச் சீனத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல வார்த்தையாக இருக்காது. மலாயில் சொன்னது இது: கூலியில் மிச்சம்கூட வேண்டாமாம், இந்த வீட்டில் இனி ஒரு ஆணிகூட அடிக்க மாட்டாராம்.

மிஞ்சியது நடுவில் வர வேண்டிய பீம். பழைய மூன்றாவது உத்தரத்துக்கு நேர் கீழே.

30 ஜூன், ஞாயிறு

பகுத்தறிவுக்கும் லேசாகப் பயம் வந்துவிட்டது. ஆணி அடிக்கவில்லை. சீதா அக்காவின் புருஷனைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகப் பீமைத் தூக்கிப் பசை தடவிச் சிலிங்கில் ஒட்டி, நாலைந்து ஸ்க்ரூ போட்டார்கள். ஸ்க்ரூ ஆணியில் சேர்த்தி இல்லையாம். திருகுவதுதானே, அடிப்பது இல்லையே என்கிறார். பிடித்துக்கொண்ட மாதிரிதான் தெரிகிறது.

14 ஜூலை, ஞாயிறு

ஹால் திறப்பு விழா. ஆபீஸ் குமாஸ்தாக்கள் மூன்று பேர், அவர்கள் சம்சாரங்கள். பாசார் கறிக்கடையிலிருந்து ஒரு எருமைக் கொம்பு வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தார். துரை வீட்டில் மான் கொம்பு இருந்ததாம்.

பத்திரிகைப் படத்தில் இருக்கிறபடியே நாற்காலிகளை ஒவ்வொரு பீமுக்கும் கீழே போட்டிருந்தார். வந்தவர்கள் உள்ளே நுழைந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், "அடேயப்பா" என்றார்கள். அப்புறம் ஒருவர் விடாமல் நாற்காலியை நகர்த்தினார்கள். உத்தரத்துக்கு நேர் கீழே எந்தத் தமிழன் உட்காருவான்? தலைக்குமேல் பாரம், குடும்பத்துக்கு ஆகாது. இவர் "பரவால்ல, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போடுவார். அவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி நகர்த்துவார்கள். கடைசியில் எல்லோரும் இரண்டு பீமுக்கு நடுவில் இருந்த சந்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இவர் மட்டும் வீம்புக்கு ஒரு பீமுக்குக் கீழே உட்கார்ந்தார். வியர்வை கொட்டியது. புழுக்கமா, பயமா, தெரியவில்லை.

கணேசமூர்த்திக்குத்தான் வாய் மூடவில்லை. இவரோடு ஒரே ஆபீஸ், செமாபோக்கில் வீடு.

"முழு மரமா தம்பிராஜா?"

"அசல் செங்கால் மரம். யான தொங்கலாம்."

நான் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். யானை தொங்கலாமாம். பல்லி தொங்கினால் போதாதா?

21 ஜூலை, ஞாயிறு

கணேசமூர்த்தி வீட்டு ஹாலுக்கும் இவர்தான் டிசைன். துரை போனார், தொற்றை விட்டுவிட்டுப் போனார்.

31 ஆகஸ்ட், சனி

ரேடியோவில் கேட்டோம். சீதா அக்கா வேலியில் கை வைத்துக்கொண்டு அழுதார், எனக்கும் கண் கலங்கியது. துரையின் நாற்காலிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஜெயபாலன் என்று ஒருவர் வருகிறாராம். இவருக்கு அந்த நாற்காலி கிடைக்கும் என்று நானும் கொஞ்சம் நினைத்திருந்தேன். பாவமாகத்தான் இருந்தது.

9 செப்டம்பர், திங்கள்

பெண். வெள்ளிக்கிழமை பிறந்தாள். உடம்பில் எந்த வடுவும் இல்லை, அண்ணி புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

முதல் பிரசவமா என்று மிஸ்ஸி கேட்டபோது இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் படுத்தபடியே, "இல்ல, ரெண்டாவது" என்றேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு தலையாட்டலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுதந்திரதேவி என்று பெயர் வைக்கச் சொல்கிறார் கணேசமூர்த்தி. மல்லிகா போதும்.

25 செப்டம்பர், புதன்

அண்ணி ஏற்பாடுகளில் இறங்கிவிட்டார். பிள்ளைக்கு முப்பதாம் நாள் முப்பது கும்பிட்டு, அன்றைக்குத் தொட்டில் போட வேண்டும். அத்தைதான் போட வேண்டும், அது அவர் உரிமை. ஆபீஸ்காரர்களையெல்லாம் இவர் கூப்பிட்டாகிவிட்டது.

"நடு ஹால்ல போடணும்டா. கொக்கிய ஏன்டா மறைச்ச?" என்றார் அண்ணி. அப்புறம் பீமைப் பார்த்துவிட்டு, "சரி, இதுதான் யானய தாங்கும்கிறியே. இதுலயே ஒரு கொக்கி போடு" என்றார்.

இவர் வாயைத் திறக்க வேண்டிய இடம் இதுதான். திறக்கவில்லை.

2 அக்டோபர், புதன்

கொக்கி போட்டுவிட்டார். அதே நடு பீமில். வெண்ணெயில் விரல் இறங்குவது போலத் திருகி இறங்கிவிட்டது.

அண்ணி குளிக்கப் போனபோது கேட்டேன்.

"அது கட்டையா பெட்டியா?"

"மெல்ல பேசு."

"பசையில ஒட்டி இருக்கு. அதுலயா என் பிள்ளைய போடுவீங்க?"

"ஒரு மாசப் பிள்ள என்னா கனம் கனக்கும்? ஒரு நாளுதான். எல்லாரும் போனதும் கழட்டிடுறேன். செங்கால்னு சொல்லிட்டேன் பூங்காவனம், இப்ப எப்படி..."

ஒரு பிள்ளைய அந்த உத்தரத்துலேர்ந்து எறக்கி மண்ணுக்குக் குடுத்தவ நான். இன்னொண்ண இவரு மானத்துக்காகப் பெட்டியில தொங்கவிடணுமா? கத்திட்டேன். அண்ணிக்குக் கேட்டிருக்கும், கேக்கட்டும். அப்பவும் மனுஷன் அசையல. வெள்ளைக்காரன் வீட்டுக் கூரையைப் பார்த்த கண், பெத்த பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்கிறது.

பிள்ளையைத் தரமாட்டேன் என்று நான் சொன்னால் நாலு பேர் முன்னால் அண்ணி அழுவார், சபையில் சண்டை வரும், கடைசியில் யாராவது என் கையிலிருந்து வாங்கிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். எனக்கு இந்த ஜனங்களைத் தெரியும். வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

5 அக்டோபர், சனி

பிள்ளையைப் போடுவதற்கு முன் தொட்டிலில் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டி எடுப்பது நம் வழக்கம். பிள்ளை கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்று. மருந்து அரைக்கிற சின்னக் குழவியைக் கழுவி வை என்றார் அண்ணி.

அம்மிக் குழவியைக் கழுவி வைத்தேன். பெரியதை.

6 அக்டோபர், ஞாயிறு

முழுதாக எழுத வேண்டும், மறந்துவிடக் கூடாது.

ஹால் நிறைய ஆட்கள். ஆண்கள் எல்லோரும் வழக்கம்போலச் சந்துக்குள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் கல்யாணச் சேலையில் அண்ணி தொட்டில் கட்டினார். இவர் வேட்டி சட்டையில், எருமைக் கொம்புக்குக் கீழே, பீமைப் பார்க்காமல் வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். நான் மல்லிகாவைத் தோளில் போட்டுக்கொண்டு உள்வாசற்படியில் நின்றேன். ஒரு கால் ஹாலில், ஒரு கால் உள்ளே.

அண்ணி குழவியைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இந்தக் கனம் கனக்குது?" என்றார்.

"சின்னது காணல அண்ணி" என்றேன்.

மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூச்சுற்றியிருந்த குழவியைத் தொட்டிலில் படுக்க வைத்தார். இவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். குழவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் இரு" என்றார். அதற்குள் அண்ணி தாலாட்டை ஆரம்பித்துவிட்டார். நல்ல கனத்த குரல். ஒரு ஆட்டு ஆட்டினார். மேலே எங்கேயோ கிரீச் என்றது. இன்னொரு ஆட்டு. பீமின் ஒரு முனை வாயைத் திறந்தது. அப்புறம் சிலிங் பலகையைப் பிய்த்துக்கொண்டு, பசையும் ஸ்க்ரூவும் தூசியும் எலிப் புழுக்கையுமாகச் சீமை உத்தரம் தரைக்கு வந்துவிட்டது. குழவி டீ மேசையின் கண்ணாடிமேல் விழுந்தது. கண்ணாடி போயிற்று. அந்த அதிர்ச்சியில் எருமைக் கொம்பும் கழன்று விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணி மட்டும் வெள்ளையாக நின்றார், தலையெல்லாம் சுண்ணாம்பு.

"அலாமாக்" என்றார் சீதா அக்கா.

அண்ணி குனிந்து பீமை ஒரு கையால் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். "இதான் ஒன் செங்காலாடா தம்பிராஜா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. குழவி கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். "இங்கதானே பிள்ளய போட்டிருப்பேன். என் கையாலயே போட்டிருப்பேனே" என்றார்.

கணேசமூர்த்தி எழுந்து தம் சம்சாரத்தைத் தொட்டார். "வா, வீட்டுக்குப் போலாம். பசங்க ஹால்லதான் படுத்திருக்கும்." சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அண்ணி தலையில் விழுந்திருந்தால்? அதை நான் யோசிக்கவே இல்லை.

7 அக்டோபர், திங்கள்

இவர் ஆபீஸ் போகவில்லை. உடைந்த பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சிலிங் பிய்ந்த இடத்தில் பழைய உத்தரம் தெரிகிறது. கோணலாக, கறுப்பாக. கொக்கியும் தெரிகிறது.

இவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல கண்ணத் தெறந்தா அதான் தெரியும்" என்றார். "அஞ்சு வருசமா. ரூமுல வந்து படுக்கவும் மனசு வரல, இங்க படுத்து அதப் பாக்கவும் முடியல. கழட்டவும் கை வரல. துரை வீட்ல சிலிங்கப் பாத்தப்ப, அட இப்படி மூடிடலாமேன்னு..."

அப்போ அந்தப் பத்திரிகை, பீம், பெரிய ஆட்கள் எல்லாம்? அதுவும் நிஜம்தானாம். இரண்டும் நிஜமாம். நம்புகிறேன். ஒன்றுக்காக மட்டும் எருமைக் கொம்பு வாங்க முடியாது.

"நீங்க மூடிட்டீங்க. அந்தக் கொக்கிய விட்டா அவ இருந்தான்னு சொல்ல எனக்கு வேற என்னா இருக்கு?" என்றேன். போட்டோகூட எடுக்கவில்லை அவளை.

அவர் அழுதார். நானும் அழுதேன். ஐந்து வருஷத்தில் சேர்ந்து அழுதது இன்றைக்குத்தான்.

அப்புறம் ஏணியைப் போட்டு ஏறினார். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கித் தொங்கினார். சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. உத்தரம் அசையவில்லை. இறங்கி வந்து மற்ற மூன்று பீமையும் அவரே கழற்றி வைத்தார். என் சேலையை உதறி, பழைய கொக்கியில் அவரே கட்டினார். முடிச்சு சரியில்லை, நான் அவிழ்த்துக் கட்டினேன்.

சின்னக் குழவி அடுப்பு மேடையிலேயே இருந்ததை மத்தியானம் பார்த்தார். எடுத்துக் கையில் கனம் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். கேட்கவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

10 நவம்பர், ஞாயிறு

பெரிய ஆள் வந்துவிட்டார். பால்காரர் இல்லை, நிஜமான பெரிய ஆள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஜெயபாலன், இவருடைய புது அதிகாரி. கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தையைப் பார்க்க வந்தாராம், கையில் ஆரஞ்சுப் பழங்கள்.

ஹாலுக்குள் வந்தவர் அண்ணாந்து பார்த்தார். சுற்றிலும் வெள்ளைச் சிலிங், நடுவில் பிய்ந்த ஓட்டை, அதில் ஒரு கோணல் உத்தரம், அதிலிருந்து ஒரு கூறைச் சேலை. எனக்கு மானம் போயிற்று. இவருக்கு ஒன்றும் போகவில்லை. ஓட்டையின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, சுற்றிலும் கறுப்புச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார் அல்லவா? "இதுதான் சார் இப்ப புது டிசைன். ஒரு எடத்த மட்டும் தெறந்துவிட்டு அசல் உத்தரத்த காட்டணும். செமாபோக்ல ஒரு வீட்டுக்கும் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். கணேசமூர்த்திக்கு இன்னும் புத்தி வரவில்லை.

ஜெயபாலன் தலையை ஆட்டிக்கொண்டே நாற்காலியை உத்தரத்துக்குக் கீழேயிருந்து நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். இவர் தம் நாற்காலியை நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்போதெல்லாம் அங்கேதான் உட்காருகிறார், தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு.

நான் அடுப்பங்கரையில் கோப்பி கலந்துகொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

"முதல் குழந்தையா மிஸ்டர் தம்பிராஜா?"

தொட்டில் கயிறு உரசுகிற சத்தம் நின்றது.

"இல்ல சார். ரெண்டாவது. மூத்தவ பேரு கமலவேணி."

கோப்பிக்குச் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று எனக்கு மறந்துவிட்டது. இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய ஆள் முகம் சுளிக்காமல் குடித்தார்.